எபிசோட் 37: கொலோன்ல பொன்நிறம், டுசல்டார்ஃப்ல செம்பு, பாம்பெர்க்ல புகை

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.]

இன்னிக்கு பீர் பத்திப் பேசப்போறோம். பதினெட்டு, இருபத்தொண்ணுனு உங்க ஊர்ல என்ன வயசு வரம்போ, அதுக்குக் கீழ இருக்கறவங்க இந்த எபிசோடைத் தள்ளிவிட்டுட்டு போன வாரத்து ரயில்வே எபிசோடைக் கேளுங்க. அதுவும் நல்லாதான் இருக்கும்.

ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம். பெங்களூர்ல ஒரு மைக்ரோப்ரூவரிக்குப் போறீங்க, ஒரு ஐபிஏ வாங்கறீங்க. மாம்பழ வாசம், ஆரஞ்சுத் தோல் வாசம், நல்ல கசப்பு. அடுத்த வருஷம் பெர்லின்ல ஒரு கிராஃப்ட் பீர் கடையில ஐபிஏ வாங்கறீங்க. அதே மாம்பழம், அதே ஆரஞ்சுத் தோல். சுவத்துல அதே கரும்பலகை, அதே தொங்குற பல்பு. [சிரிப்பு] ரெண்டு பேருமே நம்மளை "லோக்கல்"னு சொல்லிக்கறாங்க. ஆனா ஹாப்ஸ் அமெரிக்காவுல இருந்து பாக்கெட்ல வருது, ஈஸ்ட்டும் பாக்கெட்ல வருது. தண்ணியில உப்பு கூட்டிக் குறைச்சு எந்த ஊர்த் தண்ணி மாதிரி வேணும்னாலும் இன்னிக்கு மாத்திக்கலாம். அப்புறம் அதுல ஊர் எங்க இருக்கு?

இந்தச் சந்தேகத்தோடதான் போன செப்டம்பர்ல ஜெர்மனியில மூணு ஊர் சுத்தினேன். கொலோன், டுசல்டார்ஃப், பாம்பெர்க். இந்த மூணு ஊர்லயும் நான் போன மதுக்கூடங்கள்ல "கிராஃப்ட்"ங்கற வார்த்தையே கண்ணுல படலை. அவங்க பாட்டுக்குத் தலைமுறை தலைமுறையா ஒரே ஒரு பீரைக் காய்ச்சிட்டு இருக்காங்க.

கூட என் பழைய ரூம்மேட் வந்தான். தூத்துக்குடிக்காரன். அவன் குடிக்க மாட்டான், ஒரு சொட்டு கூட. ஜெர்மனியில "ஆல்கஹால் இல்லாத பீர்"னு எழுதியிருந்தாலும் சட்டப்படி அதுல 0.5 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். அதையும் தொட மாட்டான். அவனோட அப்பா குடியாலதான் போனார், ஐம்பது வயசு தாண்டலை. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை இங்க சொல்றேன். "பீர் சுத்திப் பாக்கற பயணத்துக்கு நீ எதுக்குடா வர்றே"ன்னு கேட்டேன். "நீ ருசி ருசின்னு சொல்றியே, அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கானு பாக்கணும்"னான்.

சரி, கொலோன். ரயில் ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா கதீட்ரல் அப்படியே நம்ம தலைமேல நிக்கும். அங்க இருந்து நடக்கற தூரத்துலயே பெரிய மதுக்கூடங்கள் இருக்கு. நாங்க கொஞ்சம் தள்ளி ஃப்ரீசன் தெருவுல இருக்கற பேஃப்கென் போனோம். 1883-ல ஆரம்பிச்சது, இன்னும் மரப்பீப்பாய்ல இருந்து ஊத்தறாங்க.

இங்க பீர் பேரு கோல்ஷ். கொலோன்ல பேசற வட்டார வழக்குக்கும் அதே பேருதான். பேசறதும் கோல்ஷ், குடிக்கறதும் கோல்ஷ். ஒல்லியான, நேரான கண்ணாடி கிளாஸ், 200 மில்லிதான் பிடிக்கும். "இவ்ளோதானா?"ன்னு தோணும். ஆனா கோல்ஷ்ல நுரை சீக்கிரம் அடங்கிடும், வச்சு வச்சுக் குடிச்சா சப்புனு ஆயிடும். அதனாலதான் சின்ன கிளாஸ். ஒண்ணு காலியானதும் நீங்க கேக்காமலே அடுத்தது வந்துடும். கொண்டு வர்றவருக்கு கோபெஸ்னு பேரு. நீல ஏப்ரன், கையில வட்டமான ஒரு தட்டு, அதுல துளை துளையா கிளாஸ் நிக்கும். ஒவ்வொரு கிளாஸுக்கும் உங்க அட்டையில பென்சில்ல ஒரு கோடு போடுவார். போதும்னா அந்த அட்டையை எடுத்து கிளாஸ் மேல மூடணும். நம்ம வீட்ல "போதும் போதும்"னு இலை மேல கையை நீட்டுவோமே, அந்த மாதிரி. மூடலைன்னா வந்துக்கிட்டே இருக்கும்.

கோபெஸுங்களோட நக்கல் அந்த ஊர்ல பிரசித்தம். தண்ணி கேட்டா "சோப்பும் துண்டும் சேத்துக் கொண்டு வரட்டுமா"ன்னு கேப்பாங்கன்னு ஒரு பழைய ஜோக் உண்டு. என் நண்பன் இதை முன்னாடியே படிச்சுட்டு வந்து, தயங்கித் தயங்கி ஆப்பிள் ஜூஸ் சோடா கேட்டான். அந்த கோபெஸ் ஒண்ணும் சொல்லலை. அவன் அட்டையில தனியா ஒரு கோடு போட்டுட்டுப் போயிட்டார். அவனுக்கு அது பிடிச்சிருந்தது.

ருசி? முதல் வாய்ல எனக்கு ஒண்ணுமே தெரியலை. வெளிர் பொன்நிறம், லேசான பழ வாசம், ரொட்டி வாசம், கடைசியில துளி கசப்பு. நம்ம ஊர்ல யாராவது பீர் வாங்கினா முதல் கேள்வி என்ன? "எத்தனை பெர்சன்ட்? ஸ்ட்ராங்கா?" இந்தியாவுல அதிகமா விக்கறதே ஸ்ட்ராங் பீர்தானே. அந்தக் கணக்குல கோல்ஷ் 4.8 சதவீதம். பரீட்சையிலயே ஃபெயில். ஆனா மூணாவது கிளாஸ் வர்றப்போ நான் ருசியை யோசிக்கறதையே விட்டுட்டேன், பேச்சு ஓடிட்டு இருந்தது. அதுக்காகவே செஞ்ச பீர் அதுன்னு நினைக்கறேன்.

இதுக்கு ஒரு ஒப்பந்தமே இருக்கு. 1986-ல 24 மதுவாலைகள் கையெழுத்துப் போட்ட கோல்ஷ் ஒப்பந்தம். எது கோல்ஷ், எங்க காய்ச்சணும், நிறம் எப்படி இருக்கணும், வடிகட்டணுமா, எல்லாம் அதுல இருக்கு. 1997-ல ஐரோப்பிய யூனியன் புவிசார் குறியீடும் கொடுத்துச்சு. நம்ம மணப்பாறை முறுக்கு மாதிரி வச்சுக்கோங்க. கொலோன் வட்டாரத்துக்கு வெளிய காய்ச்சினா ஐரோப்பாவுல கோல்ஷ்னு லேபிள் ஒட்ட முடியாது.

கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. தனித்தனி பேர், தனித்தனி வரலாறுன்னு ஓடிட்டிருக்கற பல கோல்ஷ் லேபிள்கள் கடைசியில ஒரே பெரிய ஆலையிலதான் தயாராச்சு. ஒப்பந்தம் எல்லையைக் காப்பாத்தும், பேரைக் காப்பாத்தும். ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசத்தைக் காப்பாத்தறது அதோட வேலை இல்லை. குறியீடு கிடைச்ச உடனே கொண்டாடற நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அடுத்த நாள் டுசல்டார்ஃப். சுமார் 40 கிலோமீட்டர், ரயில்ல அரை மணி நேரம். ஆனா கொலோன்காரங்களுக்கும் டுசல்டார்ஃப்காரங்களுக்கும் மதுரை-திருநெல்வேலி கிண்டல் மாதிரி ஒண்ணு நிரந்தரமா ஓடும். அங்க போய் கோல்ஷ் கேட்டுப் பாருங்க, முகத்தைப் பாக்கணும். இங்க பீர் பேரு ஆல்ட். ஆல்ட்னா "பழசு". பீர் பழசுன்னு அர்த்தம் இல்லை, முறை பழசு.

இங்க கொஞ்சம் அறிவியல் சொல்லணும், ரெண்டு நிமிஷம்தான். பீர் ஈஸ்ட்ல பெரிய குடும்பங்கள் ரெண்டு. ஒண்ணு வெதுவெதுப்புல, 15-ல இருந்து 20 டிகிரி வாக்குல வேலை செய்யும், மேல நுரைச்சு நிக்கும். இன்னொண்ணு 10 டிகிரி பக்கத்துல மெதுவா வேலை செஞ்சு அடியில தங்கும், அதுதான் லாகர். குளிர் இருந்தாத்தான் லாகர் நடக்கும். அதனால ரொம்ப காலம் அது பவேரியா மாதிரி குளிர் ஊர்களோட சொத்து. 1870-கள்ல கார்ல் ஃபான் லிண்டே குளிர்பதன இயந்திரம் கொண்டு வந்தார். மதுவாலைக்காரங்கதான் அதுக்கு முதல்ல பணம் போட்டவங்க. நம்ம வீட்டு ஃப்ரிட்ஜோட தாத்தா ஒரு பீர் ஆலையில பிறந்தவர்! அதுக்கப்புறம் லாகர் உலகம் முழுக்கப் பரவிடுச்சு. ரைன் நதிக்கரையில இந்த ரெண்டு ஊரும் பழைய வெதுவெதுப்பு ஈஸ்ட்டை விடலை. அதைப் புளிக்க வச்சுட்டு, அப்புறம் லாகர் மாதிரியே குளிர்ல சில வாரம் போட்டு வைக்கறாங்க. கோல்ஷுக்கும் அதே, ஆல்ட்டுக்கும் அதே. சண்டை போட்டுக்கற ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்யறாங்க. இதை அங்க சத்தமா சொல்லாதீங்க.

வித்தியாசம் மால்ட்லயும் ஹாப்ஸ்லயும். மால்ட்னா ஒண்ணும் இல்ல, கேழ்வரகை முளைகட்டி, காயவச்சு, மாவரைக்கறோமே, அதையே பார்லியில செய்யறது. எவ்வளவு வறுக்கறோமோ அவ்வளவு நிறம். ஆல்ட் செம்பு நிறம். பழைய நகரத்துல யூரிகேன்னு ஒரு இடம், 1862-ல இருந்து நடக்குது. அந்த வார்த்தைக்கே அந்த ஊர் வழக்குல "சிடுமூஞ்சி"ன்னு அர்த்தம். முதலாளி அப்படிப்பட்ட மனுஷராம். பீரும் அப்படித்தான். பில்டர் காபி டிக்காஷனைப் பால் ஊத்தாம நாக்குல வச்சா ஒரு கசப்பு வருமே, அந்தக் குடும்பம். அடியில கருகின வெல்லம் மாதிரி ஒரு இனிப்பு. எனக்கு மூணு ஊர்லயும் பிடிச்ச ஒரே ஒரு பீரைச் சொல்லச் சொன்னா இதைத்தான் சொல்வேன். ஆனா ரெண்டு கிளாஸுக்கு மேல நாக்கு மரத்துப்போகும். ஆல்ட் குடிச்சுட்டு கோல்ஷ் குடிச்சா கோல்ஷ் வெறும் தண்ணி. அதனால ஒப்பிடறதுன்னா எப்பவும் லேசானதுல ஆரம்பிச்சு கனமானதுக்குப் போங்க, நடுவுல ரொட்டியும் தண்ணியும் எடுத்துக்கோங்க.

ஒரு கணக்கும் சொல்லிடறேன், ஏன்னா மெயில்ல கேப்பீங்க. 200 மில்லி கோல்ஷ் மூணு குடிச்சா உடம்புக்குள்ள போற சுத்த ஆல்கஹால் சுமார் 23 கிராம். ஒரு நாளைக்கு அதுக்கு மேல போறதில்லைன்னு வச்சிருந்தேன். அதுவும் பாதுகாப்பான அளவுன்னு நான் சொல்லலை. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. அந்த அளவுக்கு மேல போனா என் குறிப்பு நோட்டே வாசிக்க முடியாம ஆயிடும்ங்கறதுதான் என் காரணம்.

டுசல்டார்ஃப்ல இருந்து சில பாட்டில்களை நண்பனோட ஃப்ளாட்டுக்கு வாங்கிட்டு வந்து ஒரு சின்ன சோதனை பண்ணினோம். உணவு ஆய்வகங்கள்ல "முக்கோணச் சோதனை"ன்னு சொல்வாங்க. மூணு டம்ளர். ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற. எது வேறன்னு கண்டுபிடிக்கணும். நாங்க அஞ்சு பேர் எவர்சில்வர் டம்ளர் எடுத்து, கண்ணைக் கர்ச்சீப்பால கட்டிக்கிட்டோம். குருட்டாம்போக்குல சொன்னாலே மூணுல ஒருத்தர் சரியா சொல்லிடுவாங்க, அதை ஞாபகம் வச்சுக்கோங்க. கோல்ஷையும் ஆல்ட்டையும் வச்சப்போ அஞ்சு பேரும் சரி. ரெண்டு வேற வேற கம்பெனி கோல்ஷ் வச்சப்போ ரெண்டு பேர்தான் சரி. அந்த ரெண்டு பேர்ல நான் இல்லை. [சிரிப்பு] அதுல ஒருத்தன் நம்ம தூத்துக்குடிக்காரன். அவன் குடிக்கலை, மோந்துதான் பாத்தான்.

இப்போ பாம்பெர்க். எபிசோடே இதுக்காகத்தான்.

பவேரியா மாநிலத்தோட வடக்குல ஃப்ராங்கோனியான்னு ஒரு பகுதி. பாம்பெர்க் பழைய நகரம் 1993-ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அங்க ஷ்லெங்கெர்லான்னு ஒரு மதுக்கூடம். அந்தக் கட்டடம் ஆவணத்துல முதல்ல வர்றது 1405-ல. கதவைத் தொறந்தா கறுத்துப்போன உத்தரம், நீள மேஜை. தெரியாதவங்க பக்கத்துலயே உக்காந்துக்கணும். இங்க அளவு அரை லிட்டர். ரெண்டு பேருக்குச் சேத்து ஒண்ணுன்னு பங்கு போட எனக்கு ஆள் இல்லையே, அதனால சாயங்காலம் முழுக்க ஒரே கிளாஸ்தான்னு முடிவு பண்ணினேன்.

பீர் வந்தது. கறுப்பா, ஓரத்துல சிவப்பா, மேல காபி நிற நுரை. வாய்ல வைக்கறதுக்கு முன்னாடியே வாசம் வந்துடும். புகை. பேச்சுக்குச் சொல்லலை, நிஜப் புகை. எதிர்ல உக்காந்திருந்த ஜெர்மன் அம்மா, "மூணாவது கிளாஸ்லதான் பிடிக்கும்"னு சிரிச்சாங்க. ஊர்ல எல்லாரும் சொல்ற வார்த்தைதான் அது. புத்தகங்கள்ல எல்லாம் பன்றி இறைச்சி வாட்டின வாசம்னு எழுதியிருப்பாங்க. எனக்கு அது ஒட்டவே இல்லை. நோட்டுல என்ன எழுதறதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தேன்.

நண்பன் கிளாஸைக் கிட்ட இழுத்து மோந்தான். ரெண்டாவது தடவை மோந்தான். "டேய்... இது மாசிடா!"

மாசி தெரியாதவங்களுக்கு: சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, வெயில்ல கல்லு மாதிரி காயவைக்கறது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம், லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கை எல்லாம் சமையலறையில இருக்கும். இடிச்சு சம்பல்ல போடுவாங்க. அவன் சொன்னதும் எனக்கு அப்படியே கிடைச்சுடுச்சு. மரப்புகை, உப்பு, அடியில ஒரு இனிப்பு. ரெண்டுமே விறகுப் புகைதானே, மூக்குக்கு மீனும் பார்லியும் ஒண்ணுதான்.

காரணம் எளிமை. முளைகட்டின பார்லியைக் காயவைக்கணும். அந்தக் காலத்துல விறகு எரிச்சு, அந்தச் சூட்டையும் புகையையும் பார்லி வழியா விடுவாங்க. அதனால பழைய காலத்துல ஐரோப்பாவுல நிறைய பீர்ல புகை வாசம் கொஞ்சமாவது இருந்திருக்கும். புகை படாம சூடு மட்டும் படற அடுப்பு வந்ததும் எல்லாரும் மாறிட்டாங்க. பாம்பெர்க்ல ரெண்டு வீடு மாறலை. ஷ்லெங்கெர்லா ஒண்ணு, 1536-ல ஆரம்பிச்ச ஷ்பெட்ஸியால் இன்னொண்ணு. இன்னிக்கும் பீச் மர விறகு எரிச்சு, தங்களோட மால்ட்டைத் தாங்களே புகை போடறாங்க. ஷ்பெட்ஸியால் பீர்ல புகை அடக்கமா இருக்கும். முதல் தடவை போறவங்க அங்க ஆரம்பிக்கலாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் ஒண்ணு. ஷ்லெங்கெர்லாவுல ஹெல்லஸ்னு ஒரு வெளிர் பீர் இருக்கு. அதுக்குப் புகை மால்ட் போடறதே இல்லை. ஆனா அதே செம்புப் பாத்திரம், புகை பீர்ல வேலை செஞ்ச அதே ஈஸ்ட். அதனால அதுலயும் லேசா புகை இருக்கும். மீன் குழம்பு வச்ச மண்சட்டியில அடுத்த நாள் புளிக்குழம்பு வச்சா எப்படி இருக்குமோ, அப்படி. என் சந்தேகத்துக்கு யாராவது நேரா பதில் சொன்னாங்கன்னா அந்தச் சட்டிதான் சொல்லுச்சு. ஹாப்ஸை பாக்கெட்ல வாங்கலாம். அந்தச் சட்டியையும் அந்த ஈஸ்ட்டோட பழக்கத்தையும் எந்த பாக்கெட்ல வாங்கறது?

அடுத்த நாள் மதியம் ஊருக்கு மேல மலைச்சரிவுல ஒரு கெல்லருக்குப் போனோம். கெல்லர்னா நிலவறை. பாறையைக் குடைஞ்சு பீர் வச்சிருந்த இடம். மேல மரநிழல்ல பெஞ்ச் போட்டிருப்பாங்க. அதனால ஃப்ராங்கோனியாக்காரங்க நிலவறைக்கு "கீழ" போறதில்லை, நிலவறை "மேல" போறாங்க. பீர் மட்டும் அங்க வாங்கினா போதும், சாப்பாடு வீட்டுல இருந்து கொண்டு வரலாம்ங்கறது பவேரியாவோட பழைய வழக்கம். பக்கத்து மேஜையில ஒரு குடும்பம் துணி விரிச்சு, ரொட்டி, சீஸ், முள்ளங்கி வச்சு சாப்பிட்டுட்டு இருந்தாங்க. தாத்தா, பாட்டி, பேரப்பசங்க. தாத்தா ஒரே ஒரு அரை லிட்டரை ரெண்டு மணி நேரம் வச்சிருந்தார். நாங்க புளியோதரை கட்டிட்டுப் போயிருந்தோம். அந்தப் பாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

நண்பன் அந்தத் தாத்தாவையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் சொன்னான்: "எங்கப்பா குடிக்கறதை நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்லடா. வந்து நிக்கறதைத்தான் பாத்திருக்கேன். அவர் கடையில நின்னுக்கிட்டே ஊத்திட்டு வந்துடுவார். அவருக்கு அது என்ன ருசின்னு தெரிஞ்சிருக்குமா?" நான் ஒண்ணும் சொல்லலை. என்கிட்ட பதில் இல்லை. அவனும் பதில் எதிர்பாத்துக் கேக்கலை. இன்னும் கொஞ்சம் புளியோதரை எடுத்துக்கிட்டான்.

இதை ஏன் சொல்றேன்னா, "குடியால எத்தனை வீடு அழிஞ்சிருக்கு, நீங்க ருசி பாத்து ஒப்பிடறீங்களா"ன்னு சில பேர் எழுதுவீங்க. சரியான கேள்வி. ஜெர்மன்காரங்க எல்லாரும் அந்தத் தாத்தா மாதிரின்னு நான் சொல்ல வரலை, அங்கயும் குடிநோய் இருக்கு. ஆனா உக்கார இடம் இல்லாம, மூடித் தொறந்து அவசரமா முழுங்கற மாதிரி ஒரு கடையை அமைச்சா, அங்க போதையைத் தவிர வேற என்ன கிடைக்கும்? இது பீர் பத்தின கேள்வி இல்லை, பெஞ்ச் பத்தின கேள்வி.

இந்தக் கெல்லர்கள் எத்தனை நாள் இருக்கும்னு தெரியாது. 2000-ல ஜெர்மனியில ஆளுக்கு வருஷத்துக்கு 125 லிட்டர் வாக்குல குடிச்சாங்க, இப்போ 90-க்குக் கீழ வந்துடுச்சு. உடம்புக்கு நல்லதுதான். ஆனா அடி விழறது பெரிய கம்பெனிக்கு மட்டும் இல்லை, ஆறு பேர் வேலை செய்யற கிராமத்து ஆலைக்கும்தான். அவங்க பீர் ரெண்டு ஊர் தாண்டியே விக்காது. நம்ம கள்ளு மாதிரி. காலையில இறக்கினது சாயங்காலம் வேற சரக்கு, ஏத்துமதி எல்லாம் ஆகாது. இருக்கற இடத்துக்கு நாமதான் போகணும்.

போறவங்களுக்கு ரெண்டே விஷயம். வாரநாள் மதியம் போங்க, சனிக்கிழமை ராத்திரி கூட்டத்துல எதுவும் தெரியாது. குடிச்ச உடனே, பேசறதுக்கு முன்னாடி, நோட்டுல ரெண்டு வார்த்தை எழுதுங்க. புத்தகத்து வார்த்தை வேண்டாம், உங்க வீட்டுச் சமையலறை வார்த்தை போதும். என் நோட்டுல பாம்பெர்க் பக்கத்துல "மாசி"ன்னு மட்டும்தான் இருக்கு, அதுவும் அவன் கையெழுத்துல.

அடுத்த எபிசோட்ல பில்சன் போறோம். 1838-ல அந்த ஊர்க்காரங்க 36 பீப்பாய் பீரை டவுன்ஹால் முன்னாடி ரோட்டுல கொட்டினாங்க. நாலு வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு அப்போ பேசலாம். வரட்டுமா?